வேனை வரவழைக்கும் முன்

அன்பு மகனுக்கு,

உங்கள் சங்கத்து ஆண்களுக்காகப் புரோஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனை வேன் ஒன்றை வரவழைக்கப் போவதாகவும், எத்தனை பேரைத் திரட்டலாம் என்றும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்த மாதிரி வண்டியில் நர்ஸாக வேலை பார்த்தவள் சொல்கிறேன்: ஆள் திரட்டுவது பெரிய காரியமே இல்லை. ஊசி குத்தி அனுப்பியவர்களை அதற்கப்புறம் யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வேன் நல்ல ஏற்பாடுதான். ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட, வேலை செய்யும் இடத்தின் வாசலிலேயே வண்டி நின்றால் ஏறிவிடுவார்கள். லண்டனில் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை 2022-இல் இதற்காகவே 'மேன் வேன்' என்று ஒரு வண்டியை விட்டது. ஆனால் ஏறுவதற்குள் அவர்கள் படும் பாடு இருக்கிறதே! யாரிடமோ போன் பேசுவதுபோல வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், பின்பக்கம் விரல் விட்டுப் பார்ப்பீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. கையில் இரத்தம் எடுப்பதோடு சரி என்று சொன்ன பிறகுதான் நிம்மதியாக உட்காருவார்கள். உங்கள் வண்டியிலும் அப்படித்தான் என்றால், நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடு.

அந்த இரத்தத்தில் பார்ப்பது பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாவது அது. அளவு கூடினாலே கான்சர் என்று அர்த்தமில்லை. வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் கூடும், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் கூடும். முந்தின இரண்டு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும் கூடலாம். இதைக் கேட்க வெட்கப்படுகிற ஆளை ஊசி போடும் இடத்தில் உட்கார வைக்காதே. ஒருவர் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்து, வேர்க்க விறுவிறுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். அதுவும் அளவைக் கூட்டலாம், இரண்டு நாள் சைக்கிளைத் தொடாமல் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன், முறைத்துக்கொண்டே போனார். இன்னொருவர் மருந்து மாத்திரை எதுவுமே சாப்பிடுவதில்லை என்று அடித்துச் சொன்னார். தோண்டித் துருவியதில், முடி கொட்டாமலிருக்க ஃபினாஸ்டரைடு போட்டுக்கொண்டிருந்தார். "அது முடிக்குத்தானே சிஸ்டர்?" என்றார். அந்த மாத்திரையைச் சில மாதம் தொடர்ந்து சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். இருக்கிற ஆபத்தும் அந்தக் குறைந்த எண்ணுக்குள் மறைந்துபோகும்.

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் நிதானம் வேண்டும். ஐரோப்பாவில் 8 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் 23 வருடக் கணக்கு 2025-இல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் 456 பேருக்கு ஒருவர் வீதம் புரோஸ்டேட் கான்சரால் சாகாமல் தப்பினார்கள். அந்த ஒருவர் யார் வீட்டு ஆள் என்று நினைத்தால் அது பெரிய விஷயம். ஆனால் மெதுவாக வளர்ந்து கடைசிவரை தொந்தரவே தராத கான்சரும் இப்படித் தேடும்போது அகப்படும். அதற்குப் பயந்து ஆபரேஷன் செய்துகொண்டு, சிறுநீரை அடக்க முடியாமலும் தாம்பத்தியம் கெட்டும் அவதிப்படுகிறவர்கள் உண்டு. அமெரிக்க வல்லுநர் குழு 2018-இல் சொன்னது, 55 முதல் 69 வயதுவரை டாக்டரிடம் சாதக பாதகம் பேசி அவரவரே முடிவெடுக்கட்டும், 70-க்கு மேல் வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்பதுதான். உங்கள் தலைவருக்கு 76 இருக்குமா? முதல் ஊசியை அவருக்குப் போட்டு போட்டோ எடுக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். தடுத்துவிடு.

முடிவு சொல்லும் விதம் இன்னும் முக்கியம். ஒரு முகாமில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெறும் எண்ணை மட்டும் மெசேஜில் அனுப்பிவிட்டார்கள். திங்கள்வரை கேட்க ஆளில்லை. அந்த மனுஷன் அதற்குள் மகளைக் கூப்பிட்டு நிலப் பத்திரம் இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறார்! கடைசியில் வெறும் இன்ஃபெக்‌ஷன். அளவு கூடியிருந்தால் தெரிந்த குரல் ஒன்று போன் பண்ண வேண்டும். மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்து, தேவையென்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதில் சந்தேகம் வந்தால் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி என்று படிப்படியாகத்தான் போவார்கள். இதையெல்லாம் எந்த மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும், செலவு யாருடையது என்று வேன்காரர்களிடம் எழுத்தில் வாங்கு. சிறுநீரில் இரத்தம், போவதில் சிரமம் என்று ஏற்கெனவே இருப்பவர்கள் வண்டிக்காகக் காத்திருக்கக் கூடாது, நேராக டாக்டரிடம் போகச் சொல்.

உன் விஷயம் வேறு. அப்பாவுக்கு 61 வயதில் வந்தது. தகப்பனுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 65-க்கு முன்னால் தகப்பனுக்கு வந்திருந்தால் மகன் 45-லேயே டாக்டரிடம் இதைப் பேச வேண்டும் என்பது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் யோசனை. உனக்கு 46 ஆகிவிட்டது. ஏற்பாட்டாளர் என்று வரிசையில் கடைசியாக நிற்காமல், வேனுக்கு முன்பே உன் டாக்டரைப் பார். தம்பியிடமும் சொல், நான் சொன்னால் சிரிப்பான்.

வேன்காரர்கள் என்ன பதில் தந்தார்கள் என்று எழுது. தேதி குறிப்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா