தம்பியிடம் நீ போ

அன்பு மகனுக்கு,

இயேசுவின் ஆசீர் உனக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் நிறைவாகக் கிடைக்கட்டும்.

நியாயம் உன் பக்கம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாந்தோப்பு உங்கள் இருவருக்கும் பொது. தை மாதம் பூ எடுத்தபோதே தம்பி உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் குத்தகைக்கு விட்டது தவறுதான். பூவிலேயே குத்தகைக்கு விட்டால் பனி, மழை, தத்துப்பூச்சி எல்லாம் குத்தகைக்காரர் பாடு. அதனால் தொகை குறைவு. ஆனியில் மாங்கூழ் ஆலைகள் தோத்தாபுரி மாம்பழத்துக்கு நல்ல விலை கொடுத்ததும் உனக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

ஆனால் அந்தக் கோபத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொட்டினாயே கண்ணு! அவனுடைய மாமனாரும் மைத்துனர்களும் அதைப் படித்தார்கள். அன்றிலிருந்து அவன் ஞாயிறு பூசைக்குக்கூட எல்லோரும் உட்கார்ந்த பிறகு வந்து, முடிவதற்குள் போய்விடுகிறான்.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. சகோதரன் உனக்கு எதிராகக் குற்றம் செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கும்போது அதை எடுத்துக்காட்டு என்கிறார் ஆண்டவர். குற்றத்தை மூடி மறைக்கச் சொல்லவில்லை. கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப் போகலாம், சபை அதற்கும் பிறகுதான். நீ கடைசிப் படியில் தொடங்கிவிட்டாய்.

“தப்பு செய்தவன் அவன், அவன்தான் வரவேண்டும்” என்று போனில் சொன்னாய். அதே நற்செய்தியில் 5ஆம் அதிகாரத்தையும் பார். உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார். அவன் உனக்குத் தவறு செய்திருந்தாலும் நீ போகவேண்டும். நீ அவனை நோகடித்திருந்தாலும் நீதான் போகவேண்டும். உங்களுக்குள் இரண்டுமே நடந்திருக்கிறது. அவர் இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடமோ எருசலேமில், பல நாள் நடை. அவ்வளவு தூரம் வந்தவனையே திரும்பிப் போகச் சொல்கிறார். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகும், சொல்?

மூத்தவன் இறங்கிப் போனால் மரியாதை குறைந்துவிடும் என்று உனக்கு யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆபிரகாம் லோத்தின் அப்பாவோடு உடன்பிறந்தவர். இருவருடைய மேய்ப்பர்களும் சண்டையிட்டபோது, எந்த நிலம் வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை இளையவனுக்கே கொடுத்தார். லோத்து நீர்வளமுள்ள யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். நல்ல பிள்ளையாக இருந்தால் “நீங்களே முதலில் பாருங்கள்” என்றிருப்பான். எனக்கு அவன்மேல் இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் அவனைப் பகை அரசர்கள் சிறைபிடித்துப் போனபோது, 318 ஆட்களோடு ஓடிப்போய் மீட்டவர் அதே ஆபிரகாம். அவருடைய பெரிய மனசு எங்கே குறைந்தது?

வரும்போது கணக்கு நோட்டைக் கொண்டுவராதே. தை மாதத்தில் அவனுக்குப் பணம் எதற்கு அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்று முதலில் கேள். காரணம் எனக்குத் தெரியும், அவன் வாயால் நீ கேட்பதுதான் சரி. குழுவில் எழுதியதற்கு மன்னிப்புக் கேள். “நீ அப்படிச் செய்ததால்தான்” என்று வால் வைக்காதே. பிறகு அதே குழுவிலும் மன்னிப்பை எழுது, ஏனென்றால் அவமானம் அங்கேதான் நடந்தது. கேட்காமல் குத்தகைக்கு விட்டது உனக்கு எப்படி வலித்தது என்பதை அதன்பின் சொல், அதையும் மறைக்கவேண்டாம். அடுத்த குத்தகையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடியுங்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் சித்தப்பாவைக் கூப்பிடுவோம்.

சனிக்கிழமை வா. நீ வருவதை அவனிடம் நான் சொல்லவில்லை. இருட்டும்வரை தோப்பில்தான் இருப்பான். வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போ.

அன்புடன்,
அம்மா