முதலில் அண்ணனிடம் போ

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய ஐம்பதாயிரம் என் கணக்கில் ஏறிவிட்டது. இந்த வருசம் திருவிழாவுக்குத் தேர் அலங்காரமும் பூவும் நம் வீட்டு உபயமாக இருக்கட்டும், ஃபாதரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாய். நான் கொடுக்கவில்லை. பணம் பேங்கிலேயே இருக்கிறது. காரணத்தைப் போனில் சொல்லியிருப்பேன். நீ பாதியில் கோபப்பட்டு வைத்துவிடுவாய், இல்லையென்றால் நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம். கடைசிவரை பொறுமையாகப் படி.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது உனக்குத் தெரியாததில்லை. என்னிடம்தானே மறைக்கல்வி படித்தாய். ஆனாலும் எழுதுகிறேன்: "நீங்கள் உங்கள் காணிக்கையைப் பலிபீடத்தில் செலுத்த வரும்பொழுது உங்கள் சகோதரர் சகோதரிகள் எவருக்கும் உங்கள்மேல் ஏதோ மனத்தாங்கல் உண்டென அங்கே நினைவுற்றால், அங்கேயே பலிபீடத்தின்முன் உங்கள் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் அவரிடம் நல்லுறவு ஏற்படுத்திக் கொள்ளுங்கள். பின்பு வந்து உங்கள் காணிக்கையைச் செலுத்துங்கள்."

உனக்கு அண்ணன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை, பார். அண்ணனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்கிறார். யார்மேல் தப்பு என்று விசாரிக்கவே இல்லை. மனத்தாங்கல் இருக்கிறது என்று உனக்கு நினைவு வந்துவிட்டால் போதும், கிளம்ப வேண்டியவன் நீ.

இதை ஆண்டவர் கலிலேயாவில் வைத்துச் சொன்னார். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடுவில் நூறு கிலோமீட்டருக்கும் மேல். நம் காரைக்குடிக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். அதை அந்தக் காலத்து ஜனங்கள் மூன்று நாள் நடந்து கடந்தார்கள். அப்படி நடந்து போய், பலிபீடத்துக்கு முன்னால் நிற்கிறபோது அண்ணன் ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் மூன்று நாள் திரும்பி நட, பேசி முடித்துவிட்டு இன்னொரு மூன்று நாள் வா என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்த வழியில் கால் வலிக்க நடந்தவர்கள். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சொல்லாகப் பட்டிருக்கும்! சிங்கப்பூரிலிருந்து உன் அண்ணனுக்கு ஒரு போன் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பாகம் பிரித்த அன்று நடந்ததை நான் கிளறக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மாமாவும் சித்தப்பாவும் உபதேசியாரும் திண்ணையில் உட்கார்ந்திருக்க, "அப்பா ஆஸ்பத்திரிக்கு நான் அனுப்பின காசுக்குக் கணக்கு எங்கே?" என்று அண்ணனைக் கேட்டாய். அவன் ஒன்றும் சொல்லவில்லை. உன் மதினி உள்ளே போய் ஒரு மஞ்சப்பை நிறைய ரசீதுகளைக் கொண்டுவந்து நின்றாள். "வேண்டாம், உள்ள வை" என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான். அந்தப் பை இப்போது என் பீரோவில் இருக்கிறது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீயும் அதைக் கேட்காதே. பெற்ற தகப்பனைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, மாதக்கணக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவனை நாலு பேர் முன்னால் கை சுத்தமில்லாதவன் என்று காட்டிவிட்டாய். நீ அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் திண்ணையில் இருந்த எல்லாரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள், அவனும் அப்படித்தான் புரிந்துகொண்டான்.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ரோட்டை ஒட்டிய முன்பக்கமும், தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறையும் அவனுக்கு, பின்னிடம் உனக்கு. வண்டி போக வழி குறுகல். விலையில் வித்தியாசம் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். மன்னிக்காத பணியாளன் உவமையில் உடன் பணியாளன் பட்ட கடன் நூறு தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அப்படியானால் நூறு நாள் உழைப்பு, சின்னத் தொகை இல்லை. உனக்கு வரவேண்டியது ஒன்றுமேயில்லை என்று ஆண்டவர் சொல்வதில்லை. அந்த மன்னிக்காத பணியாளன் அரசனுக்குப் பட்டிருந்த பத்தாயிரம் தாலந்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார் என்கிறார். ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் தெனாரியம். எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராத கடன், அதையே அரசன் தள்ளுபடி செய்துவிட்டான். அப்படிக் கடன் தள்ளப்பட்டவன் வெளியே வந்து இன்னொருவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி.

நீ என்னிடம், "அம்மா, நீங்களே நடுவில் இருந்து தீர்த்து வையுங்கள்" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாய். லூக்கா 12இல் ஒருவன் கூட்டத்திலிருந்து ஆண்டவரைப் பார்த்து, சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். "என்னை உங்களுக்கு நடுவராகவோ பாகம் பிரிப்பவராகவோ அமர்த்தியவர் யார்?" என்று அவர் விலகிக்கொண்டார். பிறகு பேராசையைப் பற்றி எல்லாருக்கும் எச்சரிக்கை சொன்னார். அவரே செய்ய மறுத்ததை நான் செய்யமாட்டேன், ராசா. எனக்கு இரண்டு பேரும் பிள்ளைகள்.

இந்த நாட்களில் யாக்கோபு கதையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தொடக்கநூல் 32, 33. தம்பி வெளியூரில் இருபது வருசம் பாடுபட்டு, ஆடு மாடு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் திரும்புகிறான். அண்ணன் ஏசா நானூறு பேரோடு எதிரே வருகிறான் என்று சேதி. யாக்கோபுக்குக் குலை நடுங்குகிறது. உடனே என்ன செய்கிறான்? அன்பளிப்பை முன்னால் அனுப்புகிறான். வெள்ளாடு இருநூறு, கிடா இருபது, செம்மறி இருநூறு, குட்டி போட்ட ஒட்டகம் முப்பது, பசு நாற்பது, இன்னும் காளை, கழுதை என்று மந்தை மந்தையாக, நடுவில் இடைவெளி விட்டு அனுப்புகிறான். ஒவ்வொன்றாகப் போய் அண்ணன் மனசு இளகட்டும் என்று. தான் மட்டும் கடைசியில் தங்கிவிடுகிறான். அன்று ராத்திரி யாரோ ஒருவர் பொழுது விடியும்வரை அவனோடு மல்லுக்கட்டுகிறார், தொடைச் சந்து விலகி நொண்டுகிறான். மறுநாள்தான் அவன் எல்லாரையும் தாண்டி முன்னால் வருகிறான். நொண்டிக்கொண்டே போய் ஏழு தடவை தரையில் விழுந்து வணங்குகிறான். ஏசா ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான், இரண்டு பேரும் அழுதார்கள்.

அந்த மந்தைகளைப் பார்த்து ஏசா என்ன சொன்னான் தெரியுமா? என்னிடம் நிறைய இருக்கிறது தம்பி, உன்னுடையதை நீயே வைத்துக்கொள் என்றான். அவ்வளவு ஆடும் மாடும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. தம்பி முன்னால் வந்து நின்றதுதான் வேண்டியிருந்தது. யாக்கோபும், உம் முகத்தைப் பார்ப்பது கடவுளின் முகத்தைப் பார்ப்பது போல இருக்கிறது என்கிறான். விவிலியத்தில் அண்ணன் தம்பிக்குள் இதைவிடப் பெரிய பேச்சு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அங்கே ஏமாற்றியவன் தம்பி, ஏமாந்தவன் அண்ணன். உங்கள் விசயத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று நான் நம்புகிறேன். அப்படியானால் உனக்கு இன்னும் சுலபம்தானே?

"நான் மனசுக்குள்ள மன்னிச்சிட்டேன், பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டேன்" என்று மருமகளிடம் சொன்னாயாம். நல்லது. ஆனால் நீ மன்னித்துவிட்டாய் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அதோடு, அவன் உன்னை மன்னிக்கவேண்டிய பங்கும் ஒன்று இருக்கிறதே. அதை நீ அங்கிருந்துகொண்டே முடித்துவிட முடியாது. மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் டிடாக்கே என்ற பழைய ஏட்டைப் பற்றிச் சொன்னார்கள். ஆதித் திருச்சபைக் காலத்தது. ஞாயிறன்று கூடி அப்பம் பிட்கும்போது, அடுத்தவனோடு சண்டை உள்ளவன் சமாதானமாகும்வரை உங்களோடு சேரவேண்டாம், உங்கள் பலி தீட்டுப்படக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. பூசையில் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாதவருக்கெல்லாம் நாம் கும்பிடு போடுகிறோம். உன் அண்ணனுக்கு யார் சொல்வது?

போன வாரம் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அப்பா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் துடைத்து, சட்டத்துக்குள் வைத்து, பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சின்னக் கரண்டியால் சாயக் கலவையை ஊற்றினான். சிவப்பு, மஞ்சள், பச்சை. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்கினான். கை கொஞ்சம் ஆடினாலும் ஒரு நிறம் இன்னொன்றில் ஓடிவிடும், உனக்கே தெரியும். மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி நகர்த்தி வைத்தான். சிமெண்டு தின்ற விரல்கள் வெடித்திருந்தன. எண்ணெய் தடவேன்டா என்றேன். அதற்குப் பதில் சொல்லவில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன், "சிங்கப்பூர்ல நல்ல மழையாம்மா, டிவில சொன்னான்" என்றான். உன் பேரைச் சொல்லவில்லை. அதற்கு மேல் ஒன்றும் பேசவுமில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொன்றும் எழுதவேண்டும். மருமகள் குறை சொல்லவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். சின்ன விசயத்துக்கெல்லாம் வீட்டில் கத்துகிறாயாம், பிள்ளை உன்னைக் கண்டால் அறைக்குள் போய்விடுகிறானாம். "பொழுது சாய்வதற்குள் உங்கள் சினம் தணியட்டும்" என்று பவுல் எபேசியருக்கு எழுதினாரே, எத்தனை பொழுது சாய்ந்துவிட்டது! அண்ணன்மேல் உள்ள கோபத்தை அண்ணனிடம் தீர்க்காமல் வைத்திருந்தால் அது அந்தப் பச்சைப்பிள்ளை மேல்தான் விழும். மருமகள் நல்ல பெண். அவளிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேள்.

நிலத்து விசயத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. பின்னிடத்துக்கு அகலமான வழி கேட்பது உன் உரிமை. சர்வேயரை வைத்து அளக்கலாம், எழுத்தில் போட்டுக்கொள்ளலாம், நானும் கூட இருக்கிறேன். ஆனால் அது இரண்டாவது. முதல் போனில் வழியும் வேண்டாம், பட்டாவும் வேண்டாம், பணமும் வேண்டாம். "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் கணக்குக் கேட்டது தப்புண்ணே" என்று மட்டும் சொல். அதற்குப் பின்னால் "ஆனால் நீயும்" என்று ஒன்றைச் சேர்க்காதே. சேர்த்தால் சொன்னது வீண். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே, உன் குரலை அவன் கேட்கவேண்டும். அவன் கோபமாக இரண்டு வார்த்தை பேசினால் பேசட்டும், கேட்டுக்கொள். அவன் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, நீயும் கொஞ்ச நேரம் பேசாமல் லைனிலேயே இரு. அவனுக்கு வார்த்தை வர நேரம் ஆகும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மதினி எடுத்தால் அவளிடமும் தனியாகச் சொல். அந்தப் பையோடு நின்றவள் அவள்.

உனக்குப் புனித அருளானந்தர் பேரை வைத்தது சும்மா இல்லை. நீ பிறக்கும் முன் அவர் உயிர்விட்ட ஓரியூருக்கு நடந்து போய் வேண்டிக்கொண்டேன். லிஸ்பனில் பிறந்த மனிதர், இந்த மறவர் சீமையில் வந்து, 1693 பிப்ரவரி 4இல் தலை வெட்டப்பட்டுச் செத்தார். சாகும் முன் சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலும் தன் மரணத்தைச் சந்தோசமாக எதிர்பார்ப்பதாகத்தான் எழுதினார். உன்னிடம் யாரும் தலையைக் கேட்கவில்லை, அப்பு.

நீங்கள் இரண்டு பேரும் பேசிய அன்றே பணத்தை எடுத்துக்கொண்டு ஃபாதரிடம் போகிறேன். கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ பேசாவிட்டால் இந்த வருசம் தேருக்குப் பூ வேறு யாராவது போடுவார்கள், மாதா ஒன்றும் குறையாகப் பிடிக்கமாட்டாள். பணம் உனக்கே திரும்பி வரும்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருப் பையன் அங்கே வருகிறான். தேன்குழலும் சீப்புச் சீடையும் கொடுத்துவிடுகிறேன். மருமகளுக்கு மாவுருண்டை தனியாகக் கட்டியிருக்கிறேன்.

அண்ணன் போன் நம்பரை மாற்றிவிட்டான். புது நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பட்டறையில் இருக்கும்போது எடுக்கமாட்டான். இங்கே ஏழு மணிக்கு மேல் போடு.

ஆசீருடன்,
அம்மா