ஏழே ஏழு பிரதிகள்

அன்புள்ள கதிர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாதத்துக்குக் கண்ணைக் கசக்காதே. இங்கே எல்லாரும் நலம். மூத்தவளுக்குத் தை மாதம் பிரசவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நூலகத்தில் ஸ்பெயின் ஓவியர் ஜுவான் மிரோவின் கல்லச்சுப் படங்கள் (கல்லிலிருந்து எடுக்கும் லித்தோ அச்சு) கிடைத்தன. ‘பார்சிலோனா வரிசை’ என்று பெயர், மொத்தம் 50 படங்கள். மிரோ என்றால் நமக்கு நீலமும் சிவப்பும் மஞ்சளும்தானே ஞாபகம் வரும்? இதில் ஒரு பொட்டு வண்ணம் கிடையாது. எல்லாம் கறுப்பு.

ஓர் உருவத்துக்கு உடம்பைவிடத் தலை பெரிது. மூக்கு துதிக்கை மாதிரி நீள்கிறது, பற்கள் ரம்பம் மாதிரி நிற்கின்றன, உச்சந்தலையில் இரண்டு மூன்று மயிர். பக்கத்தில் ஒரு பெண், மேலே நட்சத்திரம். கொழுப்புக் கலந்த லித்தோ கிரேயானை அழுத்தித் தேய்த்த இடத்தில் கறுப்பு பொரபொரவென்று கரி மாதிரி இருக்கிறது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் போல.

இவற்றைக் கனவுருவங்கள் என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. 1937-ல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவை எதிர்த்தவர்களுக்காக, ‘ஸ்பெயினுக்கு உதவுங்கள்’ என்று அச்சுப்படம் போட்ட மனிதர் அவர். 1940-ல் ஜெர்மன் படை பிரான்சுக்குள் நுழைந்ததும், அங்கே இருந்த அவர் மனைவி, மகளோடு தப்பி, சர்வாதிகாரி பிராங்கோ ஆளும் அதே ஸ்பெயினுக்கே திரும்ப வேண்டியிருந்தது. வாயைத் திறக்க முடியாத ஊரில் உட்கார்ந்து ஒருவர் பல்லைக் காட்டும் பூதங்களாக வரைந்து தள்ளினால், அவை தூக்கத்தில் மட்டும் வந்தவையாக இருக்குமா? பகலில் பார்த்த முகங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

1944-ல் பார்சிலோனாவில் இவை அச்சானபோது போட்டது ஏழே ஏழு பிரதிகள். வெளியிட்டவர் அவருடைய நண்பர் ஜோன் பிராட்ஸ், தொப்பி வியாபாரி. நண்பனுக்காக ஒரு தொப்பிக்காரர் செய்த காரியம் இது என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது, கதிர்.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். மிரோ இவற்றை நேரே கல்லில் வரையவில்லை, மாற்றுத்தாளில் வரைந்திருக்கிறார். தாளை ஈரமாக்கிக் கல்லின்மேல் கவிழ்த்து அழுத்தினால் கிரேயானின் கொழுப்பு கல்லுக்குப் போய்விடும், படமும் இடம் வலம் மாறாமல் அச்சாகும். கல்லைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாத காலத்தில் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்ளலாம் இல்லையா?

அப்புறம் நாம் அச்சுப் போட்ட நம் கல் ஞாபகம் வந்தது. கார்பொரண்டம் என்ற தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் போட்டு நாள் முழுக்க அரைத்தோமே. நீ தெரியாமல் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டாய். எண்ணெய்ப் பிசுக்கு மையைப் பிடித்துக்கொள்ளும் என்று வாத்தியார் சொன்ன மாதிரியே, போட்ட எல்லாப் பிரதியிலும் உன் ரேகை பளிச்சென்று விழுந்தது. அதில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கல் இப்போதும் உன் வீட்டுத் திண்ணையில்தானே? மேலே ஏதும் வைக்காமல் துணி போட்டு மூடி வை. பேரக்குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டு மாசியில் வருகிறேன். கிரேயான் நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
மணி