சோலார் போட்டவர்கள் வீட்டுக் காப்பீட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால், எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடிக்கு மாடி சோலார் பேனல் ஏறுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் இது 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த ஊர். பேனல் போடும்போது காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்பதுதான் என் கவலை.

துணி உலர்த்த, வடகம் காயவைக்க மாடியில் இடம் வேண்டுமென்று எட்டடி, பத்தடி உயர இரும்பு ஸ்டாண்டில் பேனலை நிறுத்துகிறார்கள். அடியில் காற்று புகுந்தால் பாய்மரம் போலத் தூக்கும். கட்டட விதிப்படி பக்கத்திலுள்ள புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றைக் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும். நம் தெருவில் எத்தனை ஸ்டாண்டுகள் அந்தக் கணக்கில் நிற்கின்றன?

ஃபெஞ்சல் புயலில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் மாடியில் இரண்டு பேனல் பிய்த்துக்கொண்டு போயின. ஸ்டாண்டைத் தளத்தோடு இறுக்கியிருந்த ஆங்கர் போல்ட் பிடுங்கிய இடத்தில் தளம் பெயர்ந்து, கூடத்துச் சுவரெல்லாம் ஈரம். வீட்டுக்கடன் வாங்கியபோது எடுத்த பழைய பாலிசி இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளர் (சர்வேயர்) வந்து பார்த்துவிட்டு, "இதில் சோலார் என்று ஒரு வரியும் இல்லையே அம்மா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். பேனல் போட்ட நிறுவனமோ, வாரண்டி பேனலின் குறைக்குத்தான், புயலுக்கு இல்லை என்று கையை விரித்துவிட்டது.

இத்தனைக்கும் 2021 ஏப்ரலில் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில், கட்டடத்தோடு சேர்ந்த கூடுதல் அமைப்புகள் பட்டியலில் சோலார் பேனல் வெளிப்படையாகவே இருக்கிறது. புயல், வெள்ளம், மின்னல் எல்லாவற்றுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் காப்பீட்டுத் தொகையை வீட்டின் பரப்பளவை வைத்துப் போடுகிறார்கள். பிறகு மாடியில் ஏற்றிய ஒன்றரை, இரண்டு லட்சம் அதில் தானாக வந்து சேராது. நாம்தான் சேர்க்கச் சொல்ல வேண்டும். பேனல், இன்வெர்ட்டர், ஸ்டாண்டு எல்லாவற்றின் பில்லையும் இணைத்து எழுதிக் கொடுத்து, சேர்த்ததற்கான ஒப்புதலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த அன்றே போல்ட் வரை தெரிய நாலு போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம், ஷார்ட் சர்க்யூட்டில் இன்வெர்ட்டர் கெட்டால் இந்தப் பாலிசியில் கேட்க முடியாது. அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

மின்வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டரைப் பொருத்த வரும்போதே இந்த விவரங்களைத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். எந்த வேகக் காற்றுக்கு ஸ்டாண்டு அமைக்கப்பட்டது என்று போட்டவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள். வரும் ஐப்பசிக்குள் இதைச் செய்தால் கடலோர மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்