நாற்காலியில் தூங்கிப்போன மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் ஆசையாகப் போட்டுக் காட்டிய 'ஃபாயில்ஸ் வார்' என்ற பிரிட்டிஷ் துப்பறியும் சீரியலைப் பதினைந்து நிமிஷம் பார்த்தீர்கள். அப்புறம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டீர்கள். விழித்ததும் "கொலைகாரன் அகப்பட்டானா?" என்றீர்கள். திரையில் ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றிருந்தார். "இதை எப்படிடா உட்கார்ந்து பார்க்கிறே?" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டு உள்ளே போய்விட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்கள் எனக்குப் பிடித்துப்போனது 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்ற தொடரிலிருந்து. ஆக்ஸ்ஃபோர்டு, சிவப்பு ஜாகுவார் கார், பியர், குறுக்கெழுத்து, ரத்தத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கும் இன்ஸ்பெக்டர். 1987-லிருந்து 2000 வரை மொத்தமே 33 கதைகள், ஒவ்வொன்றும் ஒரு சினிமா நீளம். அதைப் போட்டிருந்தால் நீங்கள் பத்து நிமிஷத்திலேயே தூங்கியிருப்பீர்கள். 'ஃபாயில்ஸ் வார்' போட்டதற்குக் காரணம் உங்கள் உத்தியோகம். முப்பது வருஷம் ரேஷன் கார்டும் போலி கார்டும் பார்த்தவர் நீங்கள். அந்தத் தொடரில் பாதி கதை ரேஷன்தான்!

ஆன்டனி ஹோரோவிட்ஸ் உருவாக்கிய இந்தத் தொடர் 2002-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலக் கதை. கதை தொடங்குவது 1940 மே மாதம், இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில். கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் ஃபாயில் என்ற போலீஸ் அதிகாரி ஒரு கொலையை விசாரிக்கிறார். "ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சாவுக்கு என்னய்யா விசாரணை?" என்பதைத்தான் எல்லாரும் ஏதாவதொரு விதத்தில் அவரிடம் கேட்கிறார்கள். அவருக்கே அந்தச் சந்தேகம் உண்டு. போர் வேலைக்கு மாற்றல் கேட்டுப் பார்க்கிறார், கொடுக்கவில்லை. சரி, இருக்கிற வேலையை ஒழுங்காகச் செய்வோம் என்று திரும்பி வருகிறார். கார் ஓட்ட சாம் என்று ஒரு பெண். உதவிக்கு மில்னர், நார்வே சண்டையில் ஒரு காலை இழந்தவர்.

உங்களைத் தூங்கவைத்தது எதுவோ அதுதான் என்னை உட்காரவைத்தது. ஃபாயிலாக நடிக்கும் மைக்கேல் கிச்சன் கத்த மாட்டார், மேஜையைத் தட்ட மாட்டார். வாயோரம் லேசாகக் கோணும், ஒரு "ம்" வரும், அவ்வளவுதான். எதிரே இருப்பவன் அந்த அமைதி தாங்காமல் தானாக ஒரு வார்த்தை கூடுதலாக விடுவான். தனக்கு எழுதிய வசனத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாராம் கிச்சன். சாதாரணமாக அங்கே போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி கிடையாது என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுட்டு முடிக்க வழியில்லை என்றால் பேசித்தானே முடிக்கவேண்டும்.

இப்போது ரேஷனுக்கு வருகிறேன். 1940 ஜனவரியில் அங்கே பங்கீடு தொடங்கியபோது ஆளுக்கு வாரத்துக்கு நாலு அவுன்ஸ் வெண்ணெய், பன்னிரண்டு அவுன்ஸ் சர்க்கரை. பங்கீடு முழுக்க ஒழிந்தது 1954-இல்! வெங்காயம் ரேஷனில் இல்லை, ஆனால் கிடைக்கவும் இல்லை. அவர்களுக்கு அது வந்துகொண்டிருந்தது பிரான்ஸின் பிரிட்டனி பக்கமிருந்தும் சேனல் தீவுகளிலிருந்தும். இரண்டும் ஜெர்மன்காரன் கைக்குப் போய்விட்டன. ஒரு கதையில் போலீஸ் ஸ்டேஷனில் ஒரே ஒரு வெங்காயத்தைக் குலுக்கல் பரிசாக வைக்கிறார்கள். அது காணாமல் போகிறது, அதுவும் ஸ்டேஷனுக்குள்ளேயே. கொலை, உளவு எல்லாம் ஒருபக்கம் நடக்க, இந்த வெங்காயத் திருட்டும் கூடவே ஓடுகிறது. போர் என்றால் என்ன என்று எனக்குக் குண்டு விழும் காட்சியைவிட அந்த வெங்காயம் நன்றாகப் புரியவைத்தது.

இன்னொரு கதையையும் சொல்லியாகவேண்டும். முடிவைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அமெரிக்கா பிரிட்டனுக்கு 50 பழைய போர்க்கப்பல்களைத் தர ஒப்புக்கொண்ட 1940 செப்டம்பர். ஒரு பணக்கார அமெரிக்கர் கொலை செய்திருக்கிறார் என்று ஃபாயில் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் கைது செய்ய முடியாது. அமெரிக்காவின் தயவு நாட்டுக்கு வேண்டும். போர் ஒருநாள் முடியும், அப்போது வருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறார். வெறும் வசனம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கதை 2003-இல் வந்தது. ஏழு வருஷம் கழித்து, போர் முடிந்த கதையின் கடைசியில், அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறார். பழைய ஃபைலை யாராவது அப்படி நினைவில் வைத்திருப்பார்களா? நீங்கள் வைத்திருப்பீர்கள், தெரியும்.

எல்லாமே உசத்தி என்று சொல்லவில்லை. போருக்கப்புறம் அவரை லண்டனில் உளவுத்துறைக்குக் கொண்டுபோன கதைகளில் எனக்கு அந்தக் கடலோர ஊர் இல்லாத குறை இருந்தது. 'மிட்சோமர் மர்டர்ஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. அதில் சின்னச் சின்னக் கிராமங்களில் விழும் பிணங்களைக் கணக்குப் பார்த்தால் இந்நேரம் அங்கே ஆளே மிஞ்சியிருக்கக் கூடாது. அதையும் பார்க்கிறேன், அது வேறு விஷயம்.

சித்திரைக்கு வருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். காபி முதலிலேயே கொடுத்துவிட்டு அந்த வெங்காயக் கதையைப் போடுகிறேன். வெங்காயத்தை எடுத்தது யார் என்று எனக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று அத்தையிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். தூங்கிவிடாதீர்கள், நூறு ரூபாய்.

அன்புடன்,
உங்கள் மருமகன்