இன்டர்பிரெட்டரைத் திரும்ப வாங்கும்போது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தள்ளுபடி விதிகளை வாடிக்கையாளர்களே ஸ்கிரிப்டாக எழுதிக்கொள்ளும்படி உன் பில்லிங் மென்பொருளை மாற்றுகிறாய் என்பதையும், அதற்கு லுவா என்னும் ஸ்கிரிப்ட் மொழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். கோரிக்கைதோறும் ஸ்கிரிப்டை ஓட்டும் இன்டர்பிரெட்டர் ஒன்றைப் புதிதாகத் திறப்பதா, சிலவற்றை முன்பே திறந்து பூலில், அதாவது மாறிமாறிப் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பில், வைத்துக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். நானும் இப்போது அதே வேலையில்தான் இருக்கிறேன்.

முதலில் அளந்து பார். வெறும் லுவா இன்டர்பிரெட்டர் மிகச் சிறியது. திறக்க அதிக நேரம் பிடிக்காது. அதற்குள் நீ ஏற்றும் லைப்ரரிகளும் ஸ்கிரிப்டைக் கம்பைல் செய்வதுமே பெரும்பாலும் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சுமை குறைவென்றால் திறந்து, ஓட்டி, மூடிவிடுவதே நல்லது.

பூல்தான் வேண்டுமென்றால், இன்டர்பிரெட்டரைக் கொடுப்பதைவிடத் திரும்ப வாங்குவதில் கவனம் வை. இணையாக ஓடும் இரண்டு திரெட்டுகள் ஒரே இன்டர்பிரெட்டரை ஒரே நேரத்தில் தொடாமல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் லாக் காத்துவிடும். ஆனால் ஒருவருடைய ஸ்கிரிப்ட் 'லோக்கல்' என்று அறிவிக்காமல் விட்ட மாறி குளோபலாக, அதாவது எல்லா ஸ்கிரிப்டுக்கும் பொதுவானதாக, இன்டர்பிரெட்டரில் தங்கி, அடுத்தவருடைய கணக்கில் மதிப்பாக வந்து நிற்பதை எந்த லாக்கும் தடுக்காது. லுவா 5.2 முதல் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் ஏற்றும்போதே அதன் குளோபல்கள் தங்குவதற்கெனத் தனிச் சூழல் டேபிளைக் கொடுத்துவிடலாம். அதைக் கட்டாயம் செய். அதுவும் முழுக் காப்பு அல்ல. எழுத்துச் சரங்களைக் கையாளும் அசல் ஸ்டிரிங் லைப்ரரி அந்த டேபிள் வழியாகக் கிடைத்தால், ஸ்கிரிப்ட் அதன் ஃபங்க்‌ஷன் ஒன்றை மாற்றி எழுதிவிடலாம். பின்னால் வருகிற எல்லோருக்கும் மாற்றப்பட்டதே கிடைக்கும். நகலைக் கொடுத்தாலும், எல்லா ஸ்டிரிங்குகளுக்கும் பொதுவான மெட்டாடேபிள் (அவற்றின் நடத்தையை வரையறுக்கும் டேபிள்) வழியே அசலை எட்டிவிடலாம் என்பதால் அந்த வாசலையும் அடைக்க வேண்டும்.

ஆகவே சுத்தம் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. மெமரி வரம்பைத் தாண்டிய இன்டர்பிரெட்டரோ, கட்டளை எண்ணிக்கையைக் கண்காணிக்கும் ஹூக் (இடையிடையே அழைக்கப்படும் ஃபங்ஷன்) இடையில் நிறுத்தியதோ பூலுக்குத் திரும்பக் கூடாது, மூடிவிடு. ஒழுங்காக முடிந்தவற்றுக்கும் ஆயுள் வரம்பு வை. அப்பாச்சி வெப் செர்வருக்குள் பெர்ல் மொழியை ஓட்டும் மோட்_பெர்ல் 2 இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. அதில் ஓர் இன்டர்பிரெட்டருக்கு இயல்பான வரம்பு 2000 கோரிக்கைகள். கடைசியாகத் திரும்பியதையே முதலில் கொடு. சும்மா கிடப்பவை எவை என்பது தானாகத் தெரியும், அவற்றை மூடிப் பூலைச் சுருக்கலாம்.

நான் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. உன் விதி ஒன்று உன் சி++ ஃபங்க்‌ஷனை அழைக்க, அது மற்றொரு விதியை ஓட்டப் பூலிலிருந்து இன்னோர் இன்டர்பிரெட்டரைக் கேட்கிறது என்று வைத்துக்கொள். எல்லா இன்டர்பிரெட்டர்களும் ஒரே நேரத்தில் இந்த நிலைக்கு வந்தால், ஒவ்வொன்றும் மற்றொன்று விடுபடக் காத்திருக்க, செர்வர் அப்படியே நின்றுவிடும். காத்திருப்புக்குக் கால வரம்பு வைப்பது தேவைதான். ஆனாலும் உள்ளே அழைக்கப்படும் விதியை அதே இன்டர்பிரெட்டரில் புது கோரூட்டினாக (தனக்கெனத் தனி அழைப்பு அடுக்குடன் ஓடும் பகுதியாக) ஓட்டுவதே சரியான தீர்வு.

உன் விதிகளில் எவை மற்றொரு விதியை அழைக்கின்றன என்று பார்த்து எழுது. பூலின் உச்ச அளவை அதன் பிறகு சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்