டிராலிச் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். மருமகளும் பிள்ளைகளும் சுகமா? ஆஸ்திரேலியால, உங்க பெர்த்ல இப்போ நல்ல குளிராமே, அக்கா சொன்னா. ராத்திரி வேலை முடிஞ்ச கையோட கார் எடுக்காதேடா. ஒரு கோப்பி குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அப்புறமா கிளம்பு. இங்க சிங்கப்பூர்ல எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவும் நல்லாத்தான் இருக்கார்.

அக்கா மகன் அனுப்பின வீடியோவுக்குப் பிறகு நீ குரூப்ல ஒண்ணுமே எழுதல. மூணு வாரமாச்சு. அவனை நான் நல்லாத் திட்டிட்டேன். பழைய சாங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டாளிகளோட நடுராத்திரியில பேய் பாக்கப் போயிருக்கான். வேலி போட்டு, உள்ளே வராதேன்னு போர்டும் வச்ச இடம். "பாட்டி, வெள்ளை உடுப்புல நர்ஸ் மிஸ்ஸி நடக்குமாமே, ஜப்பான் சிப்பாய் நிப்பானாமே, பொந்தியானாக்குன்னு மலாய்க்காரங்க சொல்ற பொம்பளைப் பேய் வந்தா பூ வாசம் அடிக்குமாமே"ன்னு என்கிட்டயே கேக்குறான். 1979ல நர்ஸா சேர்ந்ததுலேர்ந்து 1997ல ஆஸ்பத்திரி சிமெய்க்கு மாறுற வரைக்கும் அந்த மேட்டுல ஏறி இறங்கினவ நான். எத்தனை பேருக்குக் கண்ணை மூடி விட்டிருப்பேன்! ஒருத்தரும் திரும்பி வந்து என்னைப் பயமுறுத்தல.

வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்காக 1930கள்ல கட்டினது அது. 1942ல ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் சாங்கி முழுக்கப் போர்க் கைதிங்க. சண்டை முடிஞ்ச பிறகு விமானப்படை ஆஸ்பத்திரி. நம்மள மாதிரி ஜனங்க போய்ப் படுத்தது எழுபதுகள்லதான். செத்தவங்களை நினைக்கணும்னா சாங்கி பீச்சுக்குப் போகட்டும்னு அவன்கிட்ட சொன்னேன். 1942 பிப்ரவரி 20ஆம் தேதி அந்தத் தண்ணி ஓரத்துல 66 சீன ஆம்பளைங்களைச் சுட்டுப் போட்டாங்க. அங்க நினைவுக் கல்வெட்டு இருக்கு, வேலி கிடையாது, பகல்லயே போய் நிக்கலாம். அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே. அதை விட்டுட்டு, நோயாளிங்க படுத்துக் கிடந்த வார்டுல டார்ச் அடிச்சிட்டுச் சிரிக்கிறானுங்க. நம்ம அப்பாயி கட்டில் போட்டிருந்த மூலையும் அதுல தெரியுது. நீயும் பாத்திருப்பே.

நீ வாங்கின வீட்டுப் படத்தை எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்ட காட்டினேன். தோட்டத்தைப் பாத்து அசந்துட்டாங்க. உன்னை நினைச்சா எனக்குப் பெருமைதான். ஆனா அக்காவுக்குப் பிரசவம் ஆனப்போ நீ மாடிக்கு வராம கார் பார்க்லயே ரெண்டு மணி நேரம் நின்னே. அக்கா இன்னமும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுறா. நானும் அன்னைக்கு உன்னைக் கோவிச்சுக்கிட்டேன். கோவிச்சுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு இப்போதான் யோசிக்கிறேன்.

1993ல உனக்கு ஒன்பது வயசு. அப்பாயிய என் வார்டுக்கு அடுத்த வார்டுல சேர்த்திருந்தோம். முதல் நாள் சாயந்திரம் நீ வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தே. தாழ்வாரத்துல கீச் கீச்சுனு ஒரு சத்தம். "என்னம்மா அது?"ன்னு கேட்டே. எனக்கு நைட் டியூட்டி. நீ வீட்டுக்குப் போகமாட்டேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதே. உன்னை அனுப்பணுமேன்னு வாயில வந்ததைச் சொன்னேன். வெள்ளைப் பொம்பளை ஒருத்தி ராத்திரி நடப்பா, இங்க வர்ற பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடுவான்னு சொன்னேன். ஓடியே போயிட்டே.

அதுக்கப்புறம் மூணு நாள் அப்பாயி "பேரன் எங்கே, பேரன் எங்கே"ன்னு கேட்டாங்க. அப்பா கூப்பிட்டும் நீ படியிறங்கவே இல்ல. நாலாம் நாள் விடியக்காலையில போயிட்டாங்க. "நீ வந்திருந்தா இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பாங்க"ன்னு யாரோ உன் காதுபடச் சொன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல.

அந்தச் சத்தம் பேய் இல்லடா. நான் தள்ளுற டிராலி. முன் சக்கரம் ஒண்ணு ஆடும், எண்ணெய் விட்டாலும் நாலு நாளைக்குத்தான் தாங்கும். நீ பயந்த வெள்ளைப் பொம்பளை நான்தான். இவ்வளவு வருஷம் இதைச் சொல்லாம இருந்தது என் தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்ல.

வர்ற 18ஆம் தேதி காலைல ஏழு மணிக்கு அப்பாவை அட்மிட் பண்றாங்க. நெஞ்சுல ஆபரேஷன். அப்பா உன்கிட்ட சொல்ல வேணாம்னார். "அவனுக்கு ஆஸ்பத்திரின்னா ஒத்துக்காது, விடு"ன்னுட்டார். இது நான் அவருக்குத் தெரியாம எழுதுறது. உன்னை வரச் சொல்லி எழுதல. உனக்கு வேலை இருக்கும். வந்தா நான் கீழே வாசல்லயே நிக்கிறேன், சேர்ந்து மேல போகலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கார் ஓட்டாதே.

அம்மா